லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய ஆல்ட்டோ: வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய ரிப்பேர் வேலைகள்

2000-இல் வந்து 2012 வரை விற்ற பழைய மாருதி ஆல்ட்டோக்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது எஃப்8டி எஞ்சின்: 796 சிசி, மூன்று சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் முறை). ரிப்பேர் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான கார் கிடைப்பது கஷ்டம். பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும், பார்ட்ஸ் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், தப்பு செய்தாலும் பெரிய தொகை போகாது. மாருதி 800, ஜென் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்லும் முறை பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும்.

வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதில்தான் பாதிப் பணம் மிச்சமாகும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்க வேண்டும், சூடாகாமல் ஓட வேண்டும், காலையில் கிளம்ப வேண்டும். இந்த மூன்றும் சரியாகும்வரை சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் காத்திருக்கட்டும்.

பிரிப்பதற்கு முன்

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் இவற்றைப் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் எவ்வளவு இருக்கிறது, என்ன நிறம்? கறுப்பாக இருந்தால் மாற்றினால் போதும். பால் கலந்த காபி நிறத்தில் குழைவாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. எஞ்சின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள சீலான ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது வாசலில் முடிகிற வேலை இல்லை. பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் இருந்தால் நல்லது. துரு நிறத் தண்ணீர் இருந்தால் முந்தைய ஓனர் போர் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்து ஸ்டார்ட் செய்து புகையைக் கவனியுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளைப் புகை காலையில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வெறும் ஈரம். நிற்காமல் வந்து கூலன்ட்டும் குறைந்தால் மறுபடியும் ஹெட் கேஸ்கெட் சந்தேகம்தான்.

சென்னை வண்டி என்றால் இன்னொன்று. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு சந்தைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு மறையாது. டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, முன்சீட்டுக்குக் கீழே இருக்கும் கார்பெட்டின் அடிப்பக்கம் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். தகடு கை அழுத்தத்துக்கே உள்வாங்கினால் முதலில் டிங்கரிங் ஆளிடம் காட்டிவிட்டு மற்றதைப் பேசலாம்.

கருவிகள், வண்டியைத் தூக்குவது

ஆல்ட்டோவின் பெரும்பாலான போல்ட், நட்டுகள் 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. அளவுகளுக்குள் அடங்கும். இந்த ஆறு அளவுகளில் ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும், ஒரு ரேட்செட் கைப்பிடி, பிளக் சாக்கெட், மல்டிமீட்டர், துருவை இளக்கும் ஸ்பிரே இருந்தால் முதல் வருடம் ஓடிவிடும். சாக்கெட் வாங்கும்போது உள்ளே ஆறு முனை இருப்பதைக் கேளுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த போல்ட்டின் தலையை மழுக்கிவிடும்.

இவையெல்லாம் கடன் வாங்கிக்கூடச் சமாளிக்கலாம். ஜாக்கி ஸ்டாண்டைச் சொந்தமாக வாங்குங்கள். 2 டன் தாங்கும் ஒரு ஜோடி போதும். வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது. சிமென்ட் கல் வளைந்து எச்சரிக்காது, ஒரே நொடியில் தூளாகிவிடும்.

தூக்கும் முறை: சமதளம், ஹேண்ட் பிரேக், முதல் கியர், தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்துங்கள். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், சக்கரத்தை ஒட்டி இரண்டு வெட்டுக்குறிகள் தெரியும். ஜாக்கி அவற்றுக்கு நடுவே உட்கார வேண்டும். அந்த இடம் துருவேறி இருந்தால் ஜாக்கி தகட்டைக் குத்திக்கொண்டு மேலே போகும், வண்டி அசையாது. அப்படிப்பட்ட வண்டியை வீட்டில் தூக்கவே வேண்டாம். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எஞ்சின் ஆயில்

முந்தைய ஓனர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். முதல் பயிற்சிக்கு இது நல்ல வேலை.

மூன்று லிட்டர் ஆயில், ஒரு ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் தேவை. கிரேடுக்கு மேனுவலைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் நிறைய ஓடிய பழைய எஃப்8டி எஞ்சினுக்கு 20டபிள்யூ-40 போடுவது பரவலான வழக்கம்.

பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஆயில் முழுதாக வடியும். கொதிக்கும் சூட்டில் கை வெந்துவிடும். மேலே ஆயில் மூடியைத் திறந்து, அடியில் அகலமான டப்பா வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். ஃபில்டரைக் கையாலேயே கழற்றப் பாருங்கள். வராவிட்டால் ஃபில்டர் ஸ்பேனர் வாங்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தித் திருப்புவது கடைசி வழி. கழன்றதும் பழைய ரப்பர் வளையமும் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை ஏற்றினால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் முழுக்கத் தெருவில் கிடக்கும்.

புது ஃபில்டரின் ரப்பரில் கொஞ்சம் புது ஆயில் தடவி, ரப்பர் தொடும்வரை கையால் சுற்றி, அதற்கு மேல் முக்கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். டிரெயின் போல்ட்டை முதல் நான்கு சுற்று கையாலேயே ஏற்றுங்கள். அது கோணலாக ஏறி, ஸ்பேனர் போட்டு இறுக்கினால் ஆயில் தேங்கும் சம்ப்பின் த்ரெட் போய்விடும். இரண்டரை லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் அடைத்து ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

இனி 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் இந்த வயது எஞ்சினுக்குப் போதும். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். பழைய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிப்பது வியாதி இல்லை. குடிப்பது தெரியாமல் ஓட்டுவதுதான் எஞ்சினைச் சாகடிக்கும்.

கூலிங்

பழைய ஆல்ட்டோ நடுரோட்டில் நிற்கப் பெரும்பாலும் கூலிங்தான் காரணம். அதிலும் பாதி, முன்பு வேலை பார்த்தவர்கள் வைத்துவிட்டுப் போனது.

முதலாவது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றி வீசிவிடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது இல்லாமல் ஓடும் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும், தேய்மானமும் கூடும். மீட்டரில் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். புது தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை ஒட்டி (பொதுவாக 82 அல்லது 88 டிகிரி) வால்வு திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும்.

இரண்டாவது ஃபேன். சென்ஸார் போனதும் அதை மாற்றாமல் ஃபேனை நேராக இக்னிஷனோடு சேர்த்து "டைரக்ட்" கொடுத்திருப்பார்கள். சாவி போட்ட உடனே ஃபேன் சுற்றினால் உங்கள் வண்டியும் அந்த ரகம். வண்டி ஓடும், ஆனால் ஃபேன் மோட்டார் சீக்கிரம் தேயும், அது நிற்கும் நாளில் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது தண்ணீர். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். பேட்டரிக்கு ஊற்றுவதாகச் சொல்லி வாங்கும் அதே தண்ணீர்.

கூலன்ட் மாற்றும் வரிசை: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள்; அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அடியில் இருக்கும் டிரெயின் திருகைத் திறந்து, அல்லது கீழ் ஹோஸைக் கழற்றி வடித்துவிடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். வருவது தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு பாட்டிலில் சொன்ன விகிதத்தில் கூலன்ட் கலந்து மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டர் குமிழை முழு சூட்டுக்குத் திருப்பி, மூடி திறந்தபடியே எஞ்சினை ஓட்டி, மேல் ஹோஸைத் திரும்பத் திரும்ப அமுக்கி விடுங்கள். குமிழிகள் வெளியேறி மட்டம் இறங்கும், நிரப்பிக்கொண்டே இருங்கள். மட்டம் நிலைத்ததும் மூடியைப் போட்டு, ஃபேன் தானாகச் சுற்றி நிற்கும்வரை காத்திருங்கள். மறுநாள் காலை மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் நல்ல ரேடியேட்டர் இருந்தும் வண்டி சூடாகும்.

நிரப்பியபோது நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் அது தங்கிய காற்று இல்லை, சிலிண்டரிலிருந்து வரும் கேஸ். ஹெட் கேஸ்கெட் பரிசோதனைக்கு வண்டியை அனுப்புங்கள்.

ஹோஸ்களைக் கையால் பிசைந்து பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலும், முனையில் உப்பியிருந்தாலும் கிளிப்போடு சேர்த்து மாற்றுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதித்துவிடும்.

பிரேக்

முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். முன் பேட் மாற்றுவது புதியவர் செய்யக்கூடிய வேலை. ஆனால் அரைகுறையாகச் செய்துவிட்டு "அப்புறம் பார்க்கலாம்" என்று ஓட்டக்கூடாத வேலை.

சக்கரத்தைக் கழற்றி, பேடில் மிஞ்சியிருக்கும் கனத்தைப் பாருங்கள். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு பக்கத்தைப் பிரித்து மாட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எது எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம் காட்டிக்கொடுக்கும்.

பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் அது மேல்நோக்கித் திரும்பும். முழுதாகக் கழற்றினால் கம்பியால் ஸ்ப்ரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கவே கூடாது. புது பேட் கனமாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறி வழியலாம். முன்கூட்டியே சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

காலிப்பர் சறுக்கும் பின்கள் இரண்டையும் வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவுங்கள். பேட் மாற்றியும் ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது, ஒரு பேட் மட்டும் தேய்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இந்தப் பின் இறுகியதுதான் காரணம். பிரேக் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் இறுகும்வரை மிதியுங்கள். முதல் சில மிதிகளில் பெடல் தரைவரை போகும், ஏனென்றால் உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் கேட்டிலோ சுவரிலோதான் வண்டி நிற்கும். சக்கரம் மாட்டி நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள், 50 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை. புது பேட் டிஸ்கோடு படிய ஆளில்லாத ரோட்டில் 40 கி.மீ. வேகத்திலிருந்து மெதுவாகப் பத்துத் தடவை பிரேக் பிடியுங்கள்.

பின் டிரம்மை முதல் தடவை மெக்கானிக்கிடமே விட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்ப்ரிங், அட்ஜஸ்டர், ஹேண்ட் பிரேக் லீவர் என்று உள்ளே சாமான் அதிகம். பின் டயரின் உட்பக்கச் சுவர் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. அந்த வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தபட்சம் 205 டிகிரி தாங்கும். ஈரம் ஏறியதும் அந்த அளவு 140 வரை இறங்கலாம். கொல்லிமலை, ஏற்காடு மாதிரி இறக்கங்களில் பெடல் திடீரென்று பஞ்சாகிப் போக இதுவும் ஒரு காரணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டப்பா மூடியில் எழுதியிருக்கும் ரகத்தைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து.

காலையில் கிளம்பாவிட்டால்

பேட்டரியை மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2-ஐ ஒட்டி என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் கோளாறு பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுற்றவைக்கும் பெல்ட்டிலோ இருக்கிறது, புது பேட்டரியும் இரண்டு நாளில் படுத்துவிடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் "டிக்" என்ற ஒரே சத்தம்தான் வருகிறதா? டெர்மினல்களைக் கழற்றி உப்புத்தாளால் பளபளக்கத் தேயுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பிறகு பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் கேபிள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்து ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றச் சொல்லி அனுப்பப்பட்ட வண்டிகள் பல, ஒரு துண்டு எர்த் கேபிளில் சரியாகியிருக்கின்றன.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனக வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கடைசியாகப் பம்ப். ரிலேயைப் பக்கத்தில் இருக்கும் அதே எண்ணுள்ள ரிலேயோடு மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

மிஸ்ஸிங்

மூன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் ஸ்டீயரிங்கே குலுங்கும். எது என்று கண்டுபிடிக்க, எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றியும் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக்தான். நகராவிட்டால் அடுத்து வயர், பிறகு இன்ஜெக்டர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பிளக், வயர், ஃபில்டர் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது, அடுத்த தடவையும் எல்லாவற்றையும் வாங்குவீர்கள்.

பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அதே இடத்தில் மாட்டுங்கள். புது பிளக்கைக் கையால் முழுக்க ஏற்றிவிட்டு, வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று மட்டும். ஹெட் அலுமினியம், வேகம் காட்டினால் த்ரெட் போய் லேத்துக்கு அலைய வேண்டியிருக்கும். மூன்று சிலிண்டரும் நன்றாக வேலை செய்தும் ஐட்லிங் ஏறி இறங்கினால், ஏர் ஃபில்டருக்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும். அதற்கான ஸ்பிரேயும் துணியும் போதும்.

சத்தங்கள்

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது "கடக் கடக்" என்றால் முன்சக்கரத்தைச் சுற்றவைக்கும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருப்பதை முன்பே பார்த்து உறையை மட்டும் மாற்றியிருந்தால் ஜாயின்ட் தப்பியிருக்கும். வேகத்தோடு கூடும் "உம்ம்" என்ற இரைச்சல் வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். குழியில் "டக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள், அது கழன்றால் முன்சக்கரம் மடிந்துவிடும்.

பார்ட்ஸும், கடையில் விட வேண்டிய வேலையும்

பிரேக், ஸ்டீயரிங், கூலிங் சாமான்களில் விலை பார்க்காதீர்கள். மாருதி ஜெனுயின் அல்லது வாகனக் கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் ராணே, லூகாஸ் டிவிஎஸ், போஷ் போன்றவற்றை வாங்குங்கள். பெட்டியின் சீலையும் அச்சையும் கவனியுங்கள், போலி அதிகம். கதவுக் கண்ணாடி, கைப்பிடி, ஹெட்லைட், ரிம் போன்றவை பழையதே போதும். சென்னையில் புது பார்ட்ஸுக்கு ஜி.பி. ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. எங்கே போனாலும் கழற்றிய பழைய சாமானைக் கையில் கொண்டுபோங்கள். "2006 ஆல்ட்டோ" என்று வாயால் சொல்லி வாங்கியது பாதி நேரம் பொருந்தாது.

எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு உடனே மெக்கானிக்கிடம் விடுங்கள். குறி ஒரு பல் தவறினாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. முதல் வருடத்தில் வீட்டில் முயல வேண்டிய வேலை இல்லை. ஷாக் அப்சார்பரிலிருந்து ஸ்ப்ரிங்கைப் பிரிப்பது, ஏசி கேஸ், அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் லைன், வெல்டிங் எல்லாம் அதே பட்டியல். அழுத்திவைத்த ஸ்ப்ரிங் கை தவறினால் எலும்பை உடைக்கும்.

ஆர்சியில் 15 வருடம் முடியப் போகிறதா என்று பார்த்த பிறகே பெரிய செலவில் இறங்குங்கள். எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணமும் கூடிவிட்டது, பசுமை வரியும் உண்டு. எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், முன்பக்கச் சட்டத்திலோ சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடத்திலோ துரு ஓட்டை விழுந்திருந்தால் அந்த வண்டிக்குப் புது சாமான் வாங்காதீர்கள். பேட்டரி, டயர் போன்றவற்றைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியை ரத்து செய்து உடைக்கக் கொடுத்துவிடலாம்.